போர்க்காலத்தில் முளைத்த புலனாய்வு: சிபிஐயின் முதல் இருபத்திரண்டு ஆண்டுகள்

2013 நவம்பர் 6 அன்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு டெல்லியை உலுக்கியது. சிபிஐ என்று நாம் அழைக்கும் மத்தியப் புலனாய்வுத் துறை, சட்டத்தால் அமைக்கப்பட்ட போலீஸ் படை அல்ல என்றும், அதை உருவாக்கிய 1963ஆம் ஆண்டின் அரசுத் தீர்மானம் செல்லாது என்றும் நீதிபதிகள் ஐ.ஏ. அன்சாரி, இந்திரா ஷா ஆகியோர் கூறினர். அந்தத் தீர்மானத்துக்கு அமைச்சரவையின் முடிவும் இல்லை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் இல்லை. துறை அளவிலான அறிவுறுத்தல் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. நாடெங்கும் சிபிஐ தொடுத்த வழக்குகளில் சிக்கியிருந்தவர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டி விடுதலை கேட்கும் நிலை உருவானது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கு விரைந்தது. நவம்பர் 9, சனிக்கிழமை. நீதிமன்றத்துக்கு விடுமுறை. தலைமை நீதிபதி ப. சதாசிவத்தின் இல்லத்திலேயே அமர்வு கூடி, தீர்ப்புக்குத் தடை விதித்தது.

நாட்டின் மிகப் பெரிய ஊழல் வழக்குகளையும் கொலை வழக்குகளையும் அரை நூற்றாண்டாக விசாரித்துவந்த ஓர் அமைப்பின் பிறப்பே கேள்விக்குள்ளானது எப்படி? விடை 1941 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் இருக்கிறது. இன்று சிபிஐ பற்றி நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பாலானவை அந்த அமைப்பு பிற்காலத்தில் தடம் மாறியதால் எழுந்தவை என்று எண்ணுகிறோம். மாநில ஒப்புதல், அரசின் பிடி, சொந்தச் சட்டம் இல்லாமை ஆகிய மூன்றுமே தொடக்கத்திலேயே அமைந்துவிட்டவை என்பதுதான் வரலாறு காட்டும் உண்மை.

போர் கொண்டுவந்த பணமும் லஞ்சமும்

1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்துக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவில் காவல் பணி மாகாணங்களின் கையில் இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. போலீஸ் மாகாணப் பொருள். டெல்லியில் இருந்த மத்திய அரசுக்கென்று குற்றப் புலனாய்வுப் படை எதுவும் கிடையாது. உளவுத் தகவல் திரட்டும் இன்டலிஜென்ஸ் பீரோ இருந்தது. ஆனால் வழக்குப் பதிந்து, கைது செய்து, நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டின் போதாமையை வெளிக்கொணர்ந்தது. 1939இல் சுமார் 2 லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்திய ராணுவம் போர் முடிவதற்குள் 25 லட்சத்தைத் தொட்டது. அத்தனை பேருக்கும் சீருடை, காலணி, கூடாரம், தானியம், வாகனம் என எல்லாவற்றையும் அரசே வாங்கியது. போர்த் துறையும் கொள்முதல் துறையும் ஒப்பந்தக்காரர்களிடம் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டின. அவசரம் காரணமாகக் கணக்குச் சரிபார்ப்பு தளர்ந்தது. ஒப்பந்தம் பெற, தரம் குறைந்த சரக்கைத் தேறச் செய்ய, பில்லுக்குப் பணம் வாங்க என ஒவ்வொரு கட்டத்திலும் லஞ்சம் நுழைந்தது. ஒரு மாகாணத்தில் தயாரான பொருள் இன்னொரு மாகாணத்தில் ஒப்படைக்கப்பட்டு மூன்றாவது மாகாணத்தில் பணமாக்கப்பட்டபோது, எந்த மாகாணப் போலீசாலும் அந்தத் தடத்தை முழுதாகப் பின்தொடர முடியவில்லை.

1941இல் மத்திய அரசு ஒரு நிர்வாக ஆணையின் மூலம் போர்த் துறையின் கீழ் சிறப்புப் போலீஸ் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. ஸ்பெஷல் போலீஸ் எஸ்டாபிளிஷ்மென்ட் என்பது அதன் பெயர். தலைமையகம் லாகூரில் இருந்தது. கான் பகதூர் குர்பான் அலி கான் அதன் கண்காணிப்பாளர். ராய் சாகிப் கரம் சந்த் ஜெயின் அதன் முதல் சட்ட ஆலோசகர். போர்த் துறை, கொள்முதல் துறை ஆகியவற்றின் வரவுசெலவுகளில் நடக்கும் லஞ்சத்தை விசாரிப்பது மட்டுமே அதற்கு இடப்பட்ட பணி. 1942 இறுதியில் ரயில்வே ஊழலும் சேர்க்கப்பட்டது. போர்த் தளவாடங்கள் பெரும்பாலும் தண்டவாளங்களின் மீதுதான் நகர்ந்தன. சரக்குப் பெட்டி ஒதுக்கீடு பெரும் லஞ்சக் களமாகியிருந்தது.

நிர்வாக ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ் அமைப்பு நீண்ட நாள் இயங்க முடியாது. 1943இல் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பிக்கப்பட்டது. போருக்காகப் பிறந்த அந்தச் சட்டம் போரோடு முடிய வேண்டியது. 1946 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அமைப்பையும் அன்றே கலைத்திருக்கலாம். ஆனால் போர் முடிந்தும் கட்டுப்பாடுகள் முடியவில்லை. உணவு, துணி, இரும்பு, இறக்குமதி என அரசின் உரிமம் தேவைப்படும் துறைகள் பெருகியிருந்தன. லஞ்சம் போர்த் துறையிலிருந்து மற்ற அலுவலகங்களுக்குப் பரவியிருந்தது. அமைப்பைத் தொடர்வது என்று அரசு முடிவெடுத்தது.

டெல்லியின் பெயரில் ஒரு தேசியப் படை

மாகாணப் பொருளான போலீசை மத்திய அரசு எப்படி நடத்துவது என்ற சிக்கலுக்கு 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. டெல்லி, தலைமை ஆணையரின் ஆட்சிக்குட்பட்ட மாகாணம். நேரடியாக மத்திய அரசின் கீழ் வருவது. அங்கே ஒரு போலீஸ் படையை மத்திய அரசு அமைக்கலாம். ஒரு பகுதியின் போலீஸ் படைக்கு இன்னொரு மாகாணத்தில் அதிகாரம் அளிக்கும் வகையில் சட்டம் இயற்றவும் மத்திய சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அந்த மாகாண அரசு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் பிறந்ததுதான் 1946ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புப் போலீஸ் அமைப்புச் சட்டம். ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும் சிறு சட்டம் அது. அமைப்பை உருவாக்க ஒரு பிரிவு. எந்தக் குற்றங்களை விசாரிக்கலாம் என்று அறிவிக்க ஒரு பிரிவு. மேற்பார்வை மத்திய அரசிடம் இருக்கும் என்று ஒரு பிரிவு. டெல்லிக்கு வெளியே அதிகாரத்தை நீட்டிக்க ஐந்தாம் பிரிவு. அப்படி நீட்டிக்க மாகாணத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஆறாம் பிரிவு. தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, அவருடைய பதவிக்காலம் எவ்வளவு, அரசே குற்றம் சாட்டப்படும்போது யார் மேற்பார்ப்பது என்பவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்றைய நோக்கில் இவை தேவைப்படவும் இல்லை. லஞ்சம் வாங்கிய எழுத்தரையும் பொறியாளரையும் பிடிக்கும் சிறு படை என்றுதான் அரசு அதைக் கருதியது.

மேற்பார்வை உள்துறைக்கு மாறியது; மத்திய அரசின் எல்லாத் துறைகளும் அதன் வரம்புக்குள் வந்தன. தலைமையகம் லாகூரிலிருந்து டெல்லிக்குப் பெயர்ந்து, அமைப்பு சில காலம் இன்டலிஜென்ஸ் பீரோ இயக்குநரின் பொறுப்பில் இருந்தது. பிரிவினையின்போது குர்பான் அலி கான் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். 1954இல் அங்கே வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் ஆளுநரானார். இந்தியாவில் 1948இல் தனி ஐ.ஜி. பதவி உருவாக்கப்பட்டு அமைப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1947 மார்ச்சில் இயற்றப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் அதற்குப் புதிய ஆயுதம் தந்தது. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து வைத்திருக்கும் அரசு ஊழியர், அதற்குக் கணக்குக் காட்டவில்லை என்றால் குற்றம் செய்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

அரசியல் நிர்ணய சபையில் எழுந்த ஐயம்

1949 ஆகஸ்ட் 29 அன்று ஒன்றியப் பட்டியலைப் பற்றிய விவாதம் நடந்தது. மத்திய உளவு மற்றும் புலனாய்வு அமைப்பு ஒன்றைப் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை ஒன்றியத்துக்குத் தரும் இனம் அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 8ஆவது இனம் அது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற மெஹ்பூப் அலி பெய்க் எழுந்து, போலீஸ் மாகாணங்களின் பொருளாக இருக்கும்போது மத்திய அரசு குற்றங்களைப் புலனாய்வு செய்யுமா என்று கேட்டார்.

அம்பேத்கரின் பதில் தெளிவாக இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லும் புலனாய்வைச் செய்யும் உரிமை போலீஸ் அதிகாரிக்கே உரியது. போலீஸ் முழுக்க மாநிலப் பொருள். அந்த அதிகாரத்தை இந்த இனம் ஒன்றியத்துக்குத் தராது. நாடு முழுவதும் நடக்கும் குற்றங்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, அவை சரியா என்று பார்த்து, மாகாணங்களுக்குத் தெரிவிக்கும் அமைப்பைத்தான் இது கருதுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இந்த விவாதம் நடந்த நாளில் டெல்லி சிறப்புப் போலீஸ் அமைப்பு ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. மாகாண ஒப்புதலோடு வேறொரு பகுதிக்குப் போலீஸ் அதிகாரத்தை நீட்டிக்கும் பழைய விதி, ஒன்றியப் பட்டியலின் 80ஆவது இனமாக அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. 1946ஆம் ஆண்டுச் சட்டம், பழைய சட்டங்கள் தொடரும் என்ற 372ஆம் பிரிவின் துணையோடு குடியரசுக்குள் நுழைந்தது. மத்தியில் ஒரு குற்றப் புலனாய்வு அமைப்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த எல்லைக்குள் என்ற கேள்வியை நம் அரசமைப்பை வகுத்தவர்கள் நேரடியாக எதிர்கொண்டு முடிவு செய்யவில்லை. காலனிய ஆட்சியின் ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

ஓர் அமைச்சர், 25,000 ரூபாய்

சுதந்திர இந்தியாவில் இந்தச் சிறு படை பெரிய மனிதர்களைத் தொடுமா? 1949இலேயே ஒரு சோதனை வந்தது. விந்தியப் பிரதேசத்தின் தொழில் அமைச்சர் ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்கக் குத்தகையை வைத்திருந்த நிறுவனத்திடம் லஞ்சம் கேட்டார் என்று புகார் எழுந்தது. சுரங்க வேலையை அரசு நிறுத்திவைத்திருந்தது. அதை மீண்டும் தொடங்க அனுமதிப்பதற்கான விலை அது. ஏப்ரல் 11 அன்று டெல்லியில் அமைச்சர் தங்கியிருந்த கான்ஸ்டிட்யூஷன் ஹவுசில் 25,000 ரூபாய் கைமாறியது. சிறப்புப் போலீஸ் அமைப்பின் அதிகாரிகள் பொறி வைத்துப் பிடித்தனர். மாஜிஸ்திரேட் ஒருவரையும் அவர்கள் சாட்சியாக உடன் அழைத்துச் சென்றிருந்தனர்.

ரேவாவில் சிறப்பு நீதிபதி அமைச்சரை விடுதலை செய்தார். மேல்முறையீட்டில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1954 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அதே தீர்ப்பில் புலனாய்வாளர்களையும் நீதிமன்றம் கண்டித்தது. ஊழலைக் கண்டுபிடிக்கப் பொறி வைப்பது சில வேளைகளில் தேவைப்படலாம். ஆனால் லஞ்சம் கொடுப்பவரிடம் பணமே இல்லாதபோது போலீசே பணத்தைக் கொடுத்து லஞ்சத்தை நடத்திவைப்பதற்கு நியாயமில்லை. குற்றம் நடக்காமல் தடுப்பது போலீசின் கடமை. குற்றத்துக்குக் கருவி தருவது அதன் வேலை அல்ல. மாஜிஸ்திரேட்டுகளைப் பொறி வைக்கும் வேலையில் சாட்சிகளாக்குவது நீதித்துறையின் நடுநிலையைக் கெடுக்கும் என்றும் நீதிமன்றம் எச்சரித்தது. அமைச்சருக்குச் சிறை, புலனாய்வாளருக்குக் கண்டனம் இரண்டும் ஒரே தீர்ப்பில் இருந்தன. அந்த ஆண்டுகளின் நீதிமன்றங்கள் எவ்வளவு நேர்மையான மேற்பார்வையாளர்களாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த ரிஷ்பட் வழக்கின் தீர்ப்பும் இந்த வகையைச் சேர்ந்தது. ஊழல் வழக்குகளை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறைந்தவர்கள் மாஜிஸ்திரேட்டின் அனுமதியின்றி விசாரிக்கக் கூடாது என்று ஊழல் தடுப்புச் சட்டம் விதித்திருந்தது. சிறப்புப் போலீஸ் அமைப்பின் வழக்குகளில் கீழ்நிலை அதிகாரிகளே புலனாய்வின் பெரும்பகுதியைச் செய்திருந்தனர். அது சட்டமீறல்தான் என்ற உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்மையான பாதிப்பு நேர்ந்தாலொழிய விசாரணை கெடாது என்று வழக்குகளைக் காப்பாற்றியது. 1964இல் இந்த அமைப்பின் இன்ஸ்பெக்டர்களுக்கே புலனாய்வு அதிகாரம் தரும் வகையில் சட்டம் மாற்றப்பட்டது. நடைமுறை முதலில் போகும், சட்டம் பின்னால் வரும் என்ற வழக்கம் இங்கும் தொடர்ந்தது.

உரிமங்களின் காலமும் சந்தானம் குழுவும்

1950களில் இறக்குமதி உரிமம் என்பது பணம் காய்க்கும் காகிதம். உரிமம் பெற்றவர் அதைச் சந்தையில் விற்றே செல்வரானார். 1953இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்ட மீறல்களை விசாரிக்கத் தனி அமலாக்கப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஐசிஎஸ் அதிகாரி எஸ்.ஏ. வெங்கட்ராமன், ஒரு நிறுவனத்துக்குச் சலுகை காட்டி ஆதாயம் பெற்றார் என்ற விசாரணையின் முடிவில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அவர்மீது குற்றவியல் வழக்கும் தொடரப்பட்டது. நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவரும் கூண்டில் நிற்க நேரிடும் என்பதை நாடு கண்டது.

1955இல் ஐ.ஜி.யாக வந்த டி.பி. கோலி, இந்த அமைப்பு ஒரு தேசியப் புலனாய்வு நிறுவனமாக வளர வேண்டும் என்ற கனவோடு பணியாற்றினார். அரசியல் சூழலும் அதற்கு இடம் தந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தில் 1958இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியிருந்தார். ஊழல் நாடாளுமன்றத்தின் நிரந்தரப் பேசுபொருளாகியிருந்தது. 1962இல் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, ஊழல் தடுப்புக்கு ஒரு குழு அமைத்தார். தலைவர் க. சந்தானம்: வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் ராஜாஜியோடு நின்றவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இரண்டாவது நிதிக் குழுவின் தலைவர். 1952இல் அதே விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராகவும் இருந்தவர்.

1964 மார்ச் இறுதியில் சந்தானம் குழு அளித்த அறிக்கை, இந்திய நிர்வாகத்தைப் பற்றி எழுதப்பட்ட மிக நேர்மையான ஆவணங்களில் ஒன்று. அதிகாரிக்கு அளவற்ற விருப்புரிமை, கோப்புகளின் தாமதம், தாமதத்தைத் தவிர்க்கக் கொடுக்கப்படும் பணம் ஆகியவற்றை ஊழலின் வேர்களாக அது அடையாளம் கண்டது. அறிக்கைக்கு முன்பே குழு தந்த பரிந்துரையால் 1964 பிப்ரவரியிலேயே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவானது. அதுவும் ஓர் அரசுத் தீர்மானத்தால்தான். நாடாளுமன்றச் சட்டத்தின் அந்தஸ்து அதற்குக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1963 ஏப்ரல் 1

குழு தன் அறிக்கையை முடிக்கும் முன்பே சிபிஐ பிறந்துவிட்டது. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பதுக்கலும் கள்ளச் சந்தையும் பாதுகாப்புப் பிரச்சினையாகின. 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறைச் செயலாளர் வி. விஸ்வநாதன் கையெழுத்திட்ட தீர்மானம், மத்தியப் புலனாய்வுத் துறை அமைக்கப்படுவதாக அறிவித்தது. சிறப்புப் போலீஸ் அமைப்பு கையாண்ட குற்றங்களோடு, இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பதுக்கல், கள்ளச் சந்தை, கொள்ளை லாபம் போன்றவற்றில் பல மாநிலங்களைத் தழுவிய வழக்குகளையும் அது விசாரிக்கும். இன்டர்போலுடன் தொடர்பு, குற்றப் புள்ளிவிவரம், ஆராய்ச்சி ஆகியவையும் அதன் பணிகள். புலனாய்வு, தொழில்நுட்பம், குற்றப் பதிவு, ஆராய்ச்சி, சட்டம், நிர்வாகம் என ஆறு பிரிவுகள். கோலியே முதல் இயக்குநர். 1968 மே வரை அப்பொறுப்பில் இருந்தார். 1964 பிப்ரவரி 29 அன்று பொருளாதாரக் குற்றப் பிரிவும், அதே ஆண்டு செப்டம்பரில் உணவுக் குற்றப் பிரிவும் சேர்க்கப்பட்டன.

முதல் பிறப்பு உலகப் போரில், இரண்டாவது பிறப்பு சீனப் போரை ஒட்டி. இரண்டு முறையும் அவசரம்; இரண்டு முறையும் நிர்வாக ஆணை. 1963இல் பெயர் மாறியது, பணி விரிந்தது, சட்டம் மாறவில்லை. இன்றும் சிபிஐ அதிகாரி ஒருவர் கைது செய்யும்போது அவர் கையில் இருக்கும் அதிகாரம் 1946ஆம் ஆண்டின் டெல்லிச் சட்டம் தந்ததுதான். அந்தச் சட்டத்தில் சிபிஐ என்ற பெயரே நெடுங்காலம் இடம்பெறவில்லை. 1970இல் அட்வான்ஸ் இன்ஷூரன்ஸ் வழக்கில் இச்சட்டத்தின் செல்லுபடி கேள்விக்குள்ளானபோது, 80ஆவது இனத்தில் மாநிலம் என்பது ஒன்றிய ஆட்சிப்பகுதியையும் குறிக்கும் என்று விளக்கம் தந்து உச்ச நீதிமன்றம் அதைக் காத்தது.

தொடக்கம் விட்டுச்சென்ற கடன்

பிறகு வந்த மோதல்களை இந்தப் பின்னணியில் பார்த்தால் அவற்றின் தர்க்கம் புரியும். மேற்பார்வை மத்திய அரசிடம் என்ற ஒற்றை வரியின் பலத்தில், உயர் அதிகாரிகளை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஆணை 1969இல் வந்தது. 1997இல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2003இல் அது சட்டத் திருத்தமாகத் திரும்பி வந்தது. 2014இல் மீண்டும் நீக்கப்பட்டது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் வழியே வேறு வடிவில் வந்தது. இயக்குநருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் என்ற பாதுகாப்பும் நாடாளுமன்றம் தானாகத் தந்ததல்ல, 1997ஆம் ஆண்டின் தீர்ப்பு பெற்றுத் தந்தது. ஆறாம் பிரிவின்படி மாநிலங்கள் தந்த பொது ஒப்புதலை அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்கள் திரும்பப் பெற்றன; தமிழ்நாடு 2023 ஜூன் 14 அன்று திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டால் ஒப்புதல் தேவையில்லை என்பது 2010ஆம் ஆண்டு முதல் நிலைத்த சட்டம்.

மாநில ஒப்புதல் ஊழலுக்குக் கேடயமாகிறது என்று சிலர் கூறுகின்றனர். அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் மத்தியில் ஆளும் கட்சி எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்களில் எதையும் செய்திருக்கும் என்று வேறு சிலர் வாதிடுகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. கூட்டாட்சியைக் காக்க 1935இல் வைக்கப்பட்ட ஒரு பூட்டு, நடுநிலையான புலனாய்வுக்கு உத்தரவாதம் இல்லாத காரணத்தால் அரசியல் ஆயுதமாகிவிட்டது. பூட்டைக் கழற்றுவதால் மட்டும் இது தீராது. மத்திய அரசின் பிடி தளராதவரை மாநிலங்களின் அச்சம் நியாயமானதே.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. உள்துறைச் செயலாளராக இருந்த எல்.பி. சிங்கின் தலைமையிலான குழு 1978இலேயே, மத்தியப் புலனாய்வு அமைப்புக்கென முழுமையான தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் அந்தப் பரிந்துரை கிடப்பிலேயே கிடந்தது. தெளிவற்ற அமைப்பு ஆட்சியில் இருப்பவருக்கு வசதியானது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அதைக் கண்டிப்பவர்களும் ஆட்சிக்கு வந்ததும் அதைக் காப்பாற்றுகிறார்கள்.

நாடாளுமன்றம் மூன்று கேள்விகளுக்குச் சட்டத்தின் வழியாக விடை தர வேண்டும். எந்தக் குற்றங்கள் சிபிஐக்கு உரியவை? மாநிலங்களின் ஒப்புதல் எங்கே கட்டாயம், எங்கே தேவையில்லை? ஆளும் அரசே குற்றம் சாட்டப்படும்போது அந்த அமைப்பு யாருக்குப் பதில் சொல்லும்? 1946இல் இவற்றைக் கேட்காமல் விட்டதற்குக் காலனிய அரசிடம் காரணம் இருந்தது. மக்களாட்சிக்கு அந்தக் காரணம் கிடையாது. நம் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொரு நாடாளுமன்ற வேட்பாளரிடமும் இந்த மூன்று கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும்.